சீல் வைத்த வாழ்த்து மடல்

எங்கள் ஊரில் அவனைப் பற்றிச் சண்டை பிடிக்காதவன் கிடையாது. நானும் பிடித்திருக்கிறேன், ஒரு தடவை கைகலப்பு வரைக்கும் போனது. அவன் எங்கள் கழகத்தின் சென்டர் போர்வேர்ட். எழுபதுகளின் கடைசியில் இருவரும் ஒரே அணியில் உதைபந்தாடினோம். நான் லெப்ட் பெக், பிறகு கப்டன், கழகக் குழுவிலும் ஒருவன். அவனை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவனுக்கு வால் பிடித்தேன் என்று பிறகு யாரும் கதைக்கக் கூடாது.

பந்து காலுக்கு வந்தால் அவன் அவசரப்பட மாட்டான். காலடியில் வைத்துக்கொண்டு நிற்பான். எதிரி பாய்ந்து வரும்போது இடுப்பை ஒரு பக்கம் காட்டிவிட்டு மறு பக்கம் போவான். போனவன் அப்படியே கோலுக்குப் போக வேண்டியதுதானே? மாட்டான். விழுந்தவன் எழும்பி வரும்வரை காத்திருந்து, அதே ஆளை இரண்டாம் தடவையும் வெட்டி விழுத்துவான். சனம் கத்தும். மதிலில் குந்தியிருந்தவர்கள் கீழே குதிப்பார்கள். அந்த நேரம் கோலுக்கு முன்னால் எங்கள் ஆள் ஒருவன் தனியே நின்று கையைத் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துவான். பந்து போகாது.

தலையால் அடிக்க மாட்டான். எதிரணி எங்கள் பக்கம் ஏறி வரும்போது பின்னுக்கு வர மாட்டான். நடுக்கோட்டில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பான். எங்கள் மைதானம் பாதி புல், பாதி கடல் மணல். அந்த மணலில் அவன் ஓடாத ஓட்டத்தையெல்லாம் நான் ஓடினேன்.

ஆனால் கோல் அடிப்பான். சூறாவளி வந்து கோல் கம்பங்களையும் பிடுங்கிக்கொண்டு போனதற்கு அடுத்த வருடம், விழுந்து கிடந்த தென்னைகளில் குற்றி வெட்டி நட்டு விளையாடினோம். பாதிப் பேருக்கு வீட்டுக்கூரை இல்லை. அந்த வருடம்தான் எங்கள் கழகம் முதல் தடவையாக லீக் கிண்ணத்தை எடுத்தது. எடுத்துத் தந்தவன் அவன். தறப்பாளுக்குக் கீழே படுத்துக் கிடந்த சனம் வெளியே வந்து அவனைத் தோளில் தூக்கியது. நானும் ஒரு காலைப் பிடித்துத் தூக்கினேன். பிடிக்காதவன் என்றாலும் தூக்கினேன். அது உண்மை.

கழகத்துக்கென்று கட்டடம் கிடையாது. செயலாளரின் சைக்கிள் கடைதான் கழகம். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், எல்லாருக்கும் காக்கா, அதாவது அண்ணன். பந்தின் பிளாடர் ஓட்டையானால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுகிற பசையாலேயே ஒட்டி, தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். கடையின் உட்சுவரில் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு பலகை தொங்கியது. கழகத்துக்கு விளையாடியவர்களின் பெயர்கள் அதில் வெள்ளை எழுத்தில் இருக்கும். எல்லாருடைய பெயரும் ஏறாது. ஐந்து வருடமாவது விளையாடியிருக்க வேண்டும், விளையாட்டை விட்டிருக்க வேண்டும், வருடாந்தப் பொதுக்கூட்டம் சம்மதிக்க வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் அவனுக்கு முழங்கால் போய்விட்டது. விளையாட்டை விட்டான். அவன் எங்களுக்கு விளையாடியது ஆறு வருடம், ஆகவே பெயர் ஏற வேண்டும். ஆனால் அந்த ஆறு வருடத்துக்குப் பிறகு நாலு வருடம் அவன் பக்கத்து ஊரான நிந்தவூரின் கழகம் ஒன்றுக்கு விளையாடினான். போன முதல் வருடமே இறுதிப் போட்டியில் எங்களுக்கு எதிராகக் கோல் அடித்துக் கிண்ணத்தைக் கொண்டுபோனான். பெயர் எழுதுவதா இல்லையா என்று சைக்கிள் கடையில் சண்டை தொடங்கியது அதனால்தான்.

ஒரு பக்கம் மீன்காரர். சாய்ந்தமருதுக் கரையில் மீன் எடுத்து, சைக்கிளில் பெட்டி கட்டி ஊர் ஊராக விற்பவர். விற்று முடித்ததும் கடைக்கு வந்துவிடுவார். மறு பக்கம் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்த மாஸ்டர். இருவரும் ஒரு போட்டியையும் விட்டதில்லை.

"மாஸ்டர், அவன் எங்களுக்கு அடிச்ச கோலையும் பலகையில எழுதுறதா?" என்பார் மீன்காரர்.

"எழுதினா என்ன? அப்பிடி ஒரு கோல நீ உன்ட சீவியத்தில கண்டிருக்கியா?"

"கண்டன். கண்டுதான் மூணு நாள் எனக்குச் சோறு இறங்கல்ல."

"சோறு இறங்காட்டி கறி சரியில்ல எண்டு அர்த்தம். நீ வித்து மிஞ்சின மீன்தானே உன்ட வீட்டுக் கறி."

கடை சிரிக்கும். மீன்காரர் சிரிக்க மாட்டார்.

"சிரிங்க, சிரிங்க. பெத்த ஊர வித்துட்டுப் பொண்டாட்டிட ஊருக்குப் பந்தடிச்சவன். அவன்ட பேர் அந்தப் பலகையில ஏறினா, மத்தப் பேரெல்லாத்தையும் நான் பெயின்ட் அடிச்சு மூடுவன்."

"கலியாணம் முடிச்சா அங்கதானே போய் இருக்கணும். வேற எங்க போற?"

"இருக்கட்டும். தின்னட்டும், படுக்கட்டும். பந்து எங்களுக்கு அடிச்சிருக்கணும். கேக்காம கொள்ளாம ஓடினவன் துரோகி."

இந்த இடம் வந்ததும் செயலாளர் சக்கரத்தைச் சுற்றி வளைவு பார்க்கத் தொடங்குவார். நான் வீதியைப் பார்ப்பேன். அவன் கேட்காமல் போகவில்லை என்பது அந்தக் கடையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், அவருக்கும் எனக்கும்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்குரியது. நானும் அப்படித்தான் இரண்டு தெரு தள்ளிப் போனேன். அவனுக்குப் பெண் அமைந்தது நிந்தவூரில். மாப்பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதற்குக் கழகம் முழுவதும் பஸ் பிடித்துப் போனது. பெண் வீட்டில் ஆறு பேருக்கு ஒரு சஹன் தட்டு என்று வட்டமாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். அந்தக் காலத்தில் கூட்டாளிகள் வாழ்த்து மடல் அச்சடித்து வந்து பந்தலில் வாசிப்பது வழக்கம். நிலவே மலரே என்று நீளும். எங்கள் செயலாளருக்கு அது பிடிக்காது. "நான் வேற மாதிரிச் செய்யிறன் பாருங்க," என்றார்.

கழகத்தின் கடிதத் தாளிலேயே அவர் அதை எழுதி வந்திருந்தார். கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, சஹனைச் சுற்றி இருந்த என்னிடம் நீட்டினார். "கப்டனும் வெய்க்கணும். அப்பத்தான் முறை." நெய்க்கையைத் துடைத்துவிட்டு நானும் வைத்தேன். அவர் சேர்ட் பையிலிருந்து கழகத்தின் றப்பர் சீலை எடுத்து ஊதிக் குத்தினார். அந்த சீலை எங்கே போனாலும் கொண்டுபோவார். அவருக்கு அது ஒரு பெருமை.

பிறகு பந்தலில் எழும்பி நின்று வாசித்தார். "எங்கள் கழகத்தின் சென்டர் போர்வேர்டை, கை கால் குறைவில்லாமல், இன்று உங்கள் ஊரிடம் ஒப்படைக்கிறோம். இனி அவரை விளையாட விடுவதும் வேலை வாங்குவதும் உங்கள் பொறுப்பு. எங்களுக்கு எந்த ஆட்சேபனையும் இல்லை." பந்தல் சிரித்தது. நாங்கள் விசில் அடித்தோம். பெண்ணின் மாமா எழும்பி வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர்தான் அந்த ஊர்க் கழகத்தின் செயலாளர். அதுவும் எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தோம்.

அடுத்த லீக் தொடங்கியபோது அவன் பெயர் அவர்களின் அணியில் இருந்தது. எங்கள் பையன்கள் கொதித்தார்கள். செயலாளரும் நானும் லீக்காரர்களிடம் முறையிடப் போனோம். அங்கே இருந்தவர் பதிவுக் கோவையைத் திறந்து எங்கள் கடிதத்தையே எங்களுக்குக் காட்டினார். கழகத்தின் தாள், செயலாளர் கையெழுத்து, கப்டன் கையெழுத்து, சீல். "ஆட்சேபனை இல்லை எண்டு நீங்கதானே எழுதியிருக்கீங்க," என்றார். தாளின் ஓரத்தில் என் நெய் விரல் பட்ட அடையாளமும் இருந்தது.

வெளியே வந்து பஸ் தரிப்புக்கு நடந்தோம். அங்கே அவர் சொன்னார்: "வெளியில சொல்லாத. ரெண்டு பேரையும் ஊர் காறித் துப்பும்." நான் சரி என்றேன். ஊருக்குப் போய், லீக்காரன் அவங்கட பக்கம், அவன் எங்களுக்குத் தெரியாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான் என்று சொன்னோம். நான் அதைச் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

அந்த இறுதிப் போட்டி அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கியது. மஃரிப் பாங்குக்கு முன் முடிய வேண்டும். கோல் இல்லாமல் இழுபட்டு, வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவன் என் பக்கம் வந்தான். இடுப்பைக் காட்டினான். ஆறு வருடம் பின்னால் நின்று பார்த்த அதே இடுப்பு. எந்தப் பக்கம் போவான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விழுந்தேன். எழும்பினேன். அவன் காத்திருந்தான். இரண்டாம் தடவையும் விழுத்தினான். பிறகு கோல்காரனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குதிக்காலால் பந்தைத் தட்டிவிட்டான். அது மணலில் மெதுவாக உருண்டு உள்ளே போனது. அவன் சந்தோசப்படவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அதற்குப் பிறகு துரோகி என்ற சொல் எனக்கு நன்றாக உதவியது. ஒரு நல்ல ஆட்டக்காரனிடம் விழுந்தவன் என்பதைவிட, ஒரு துரோகியிடம் விழுந்தவன் என்பது சுகம். யாரும் என்னை ஏசவில்லை. எல்லா ஏச்சும் அவனுக்குப் போனது. நாலு வருடம் அந்தச் சுகத்தில் இருந்தேன்.

ஒரு நாள் கடையில் மாஸ்டர் மட்டும் அவன் பக்கம் நின்று தனியாக வாதாடிக்கொண்டிருந்தார். மீன்காரர் அவரைப் பார்த்து, "உங்களுக்கும் அங்க பொண்ணு பாக்கிறீங்களா மாஸ்டர்?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். அந்தக் கடிதத்தை எழுதிய கை பிளாடருக்குப் பசை பூசிக்கொண்டு சிரிக்கிறது. போதும் என்று நினைத்தேன். பெயர் பலகையில் ஏற வேண்டும். என்ன நடந்தாலும் ஏற வேண்டும்.

எல்லாரும் போன பிறகு அவரிடம் சொன்னேன். "காக்கா, பொதுக்கூட்டத்தில கடிதத்தைப் பத்திச் சொல்லப்போறன்."

"என்ன கடிதம்?" என்றார்.

"கலியாணத்தில வாசிச்ச கடிதம்."

"அது வாழ்த்து மடல். அதுல என்ன இரிக்கி? உன்ட வாயை வெச்சிட்டுச் சும்மா இரு. அப்பிடி ஒரு கடிதம் லீக்கில இருந்தது எண்டு நான் சொல்ல மாட்டன். உன்னால காட்ட ஏலுமா?"

நான் கூலிக்கு ட்ரக்டர் ஓட்டுபவன். மறுநாள் சம்மாந்துறையில் எனக்கு உழவு. ட்ரக்டர்ச் சொந்தக்காரரிடம் வர முடியாது என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் நிந்தவூருக்குப் போனேன். அவன் மாமனாரின் அரிசிக் கடையில் இருந்தான். காலை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தான். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"என்ன மச்சான், அரிசி வாங்க வந்தியா?"

"உன்ட பேரைப் பலகையில எழுதச் சொல்லிக் கேக்கப்போறன். அந்தக் கடிதம் வேணும்."

"எந்தக் கடிதம்? நீங்க என்னை வித்த கடிதமா?"

"விக்கல்லடா. சிரிக்க ஒரு பகிடிக்கு எழுதின."

"பகிடியா?" காலை மெதுவாக இறக்கி வைத்தான். "நான் மாப்பிள்ளைக் கதிரையில இருந்து பாத்திட்டிருந்தன். எல்லாரும் விசில் அடிச்சீங்க. சரி, பகிடி எண்டுதான் நானும் நெனச்சன். மறுகா நாப்பது நாள் இருந்தன். ஒருத்தன் வந்தானா? புது மாப்பிள்ளை, கால்சட்டையத் தூக்கிட்டு நானா பஸ் ஏறி உங்களிட்ட வாறதா? பொண்ணு வீட்டில என்ன நெனப்பாங்க? கப்டன் வந்து ஒரு சொல்லுச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா, அடுத்த பஸ்ஸில வந்திருப்பன்."

"புது மாப்பிள்ளையப் போய்க் கூப்பிடுறது மரியாதை இல்ல எண்டு நாங்க இருந்த. நீயா வருவாய் எண்டு."

"நானா வருவனா? நீங்கதானே எழுதிக் குடுத்த, ஆட்சேபனை இல்லை எண்டு. மாமா வந்து, 'உங்கட ஆக்களுக்கு நீங்க வேணாம் போல, இஞ்ச அடிங்க' எண்டாரு. அடிச்சன்."

அவர்கள் ஊர்க் கழகம் கேட்டுக் கேட்டு அவனை இழுத்தது என்று நாலு வருடம் நான் நினைத்திருந்தேன். அவன் நாற்பது நாள் எங்களுக்காகக் காத்திருந்ததை நினைத்துப் பார்க்கவே இல்லை.

"அந்த இறுதிப் போட்டியில ரெண்டாம் தரமும் என்னை ஏன் வெட்டின?" என்று கேட்டேன்.

"கோபம்," என்றான். "ஒரு தரம் விழுத்தினது காணாது எண்டு இருந்த."

கடிதம் அவர்கள் கழகச் செயலாளரான அந்த மாமாவிடம் இருந்தது. லீக்காரர்கள் பதிவு முடிந்ததும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மாமா அதைத் தர முதலில் சம்மதிக்கவில்லை. அவனே உள்ளே போய்க் கேட்டு வாங்கி வந்தான். "எழுதினாலும் ஒண்டுதான், எழுதாட்டியும் ஒண்டுதான்," என்று என்னிடம் நீட்டினான். ஆனால் அதை ஒரு கொப்பியின் நடுவில் வைத்து, மடியாமல்தான் தந்தான்.

பொதுக்கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நடந்தது. அவனுடைய பெயரை மாஸ்டர் முன்மொழிந்தார். மீன்காரர் எழும்பி எதிர்த்தார். வழக்கமான கூச்சல். நான் எழும்பி நின்று கடிதத்தை வாசித்தேன். கையெழுத்துகள் யார் யாருடையவை என்று சொன்னேன். லீக்காரர் காட்டியதையும், பஸ் தரிப்பில் நாங்கள் முடிவெடுத்ததையும் சொன்னேன்.

செயலாளர் எழும்பினார். "அது பகிடிக்கு எழுதின வாழ்த்து மடல். கலியாண வீட்டில எவனும் செய்யிறதுதானே."

மீன்காரர் முன்வரிசையிலிருந்து திரும்பினார். "பகிடிக்கு சீல் குத்துவீங்களா காக்கா?"

செயலாளர் உட்கார்ந்துவிட்டார். பிறகு வந்த ஏச்சு முழுவதும் எனக்கு. "நாலு வருசமா எங்களை மடையனாக்கினியே!" "அவனை ஏச வெச்சிட்டு நீ கேட்டுக்கொண்டிருந்தியே!" ஒருவன் செருப்பைக் கழற்றினான். மாஸ்டர் அவன் கையைப் பிடித்தார். ஏசுங்கள், ஏசி முடித்துவிட்டுக் கையை உயர்த்துங்கள் என்று நான் சொன்னேன். கூட்டம் முடிந்தால் அடுத்த கூட்டத்துக்கு ஒரு வருடம். அதனால் நான் உட்காரவில்லை. பெயர் எழுதுவதற்குக் கை கேட்கும்வரை உட்காரவே இல்லை. கடைசியில் கேட்டார்கள். பாதிக்கு மேல் உயர்ந்தன. மீன்காரர் உயர்த்தவில்லை. எதிராகவும் உயர்த்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். என்னைக் கழகக் குழுவிலிருந்து எடுக்க வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். அதற்கும் கைகள் உயர்ந்தன. அதற்கு நானும் கை உயர்த்தினேன்.

மறுநாள் காலையில் சைக்கிள் கடைக்குப் போனால் பலகை வீதியில் கிடந்தது. சுவரோடு முகம் வைத்துச் சாத்தியிருந்தது. "என்ட கடையில இனி இது தொங்காது. எங்க வேணுமெண்டாலும் கொண்டு போ," என்றார் செயலாளர். பலகை ஆள் உயரம். தனியே தூக்க முடியாது. நான் நின்றுகொண்டிருந்தபோது மீன்காரர் வந்து சைக்கிளை நிறுத்தி, மறு முனையைப் பிடித்தார். கல்முனைச் சந்திக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை எழுதும் எழுத்துக்காரர் கடை. அதுவரைக்கும் வீதியோரமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். போகும் வழி முழுக்க ஏசினார். முதலில் என்னை, பிறகு செயலாளரை, பிறகு அவனை.

"துரோகி இல்ல. சரி. ஒத்துக்கொள்ளுறன். ஆனா சுயநலக்காரன். அதையும் கீழ எழுதச் சொல்லு."

"நீங்க சொல்லுங்க. எழுத்துக்காரர் கேப்பாரு."

"உன்ட பேர் இதுல எப்பவும் ஏறாது, தெரியும்தானே?"

"தெரியும்."

எழுத்துக்காரர் அவன் பெயரை எழுதிக் காயவைத்துத் தந்தார். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது, பலகையைத் தொங்கவிட இடம் இல்லை. என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் வீடு என்று வாயால் சொல்கிறேன். அது மனைவியின் வீடு. வாசலில் பலகையைக் கண்டதும் அவள் கேட்டாள்.

"இஞ்ச ஆணி அடிக்கிறதெண்டா என்னட்டக் கேக்க வேணாமா?"

"இப்ப கேக்கிறன்."

அவள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். கடைசிப் பெயரில் நின்றாள். அவளுக்கு அதற்குள் ஊர்க்கதை எல்லாம் வந்துவிட்டிருந்தது.

"அவர் பொண்டாட்டி வீட்டுக்குப் போனதுக்கு நாலு வருசம் ஏச்சு வாங்கினாரு. நீங்களும் பொண்டாட்டி வீட்டுக்குத்தானே வந்த. உங்கள ஆரும் ஏசினதா?"

"நான் ரெண்டு தெரு தள்ளித்தானே வந்தன்."

"ஓம், ஓம். தெருவை அளந்துதான் ஏசுவாங்க," என்றாள். பிறகு கூடத்துச் சுவரில், கதவுக்கு இடது பக்கம் கையைக் காட்டினாள். "அங்க அடிங்க. ஆனா பீடி குடிக்கிற ஒருத்தரும் உள்ள வரப்படாது."

நாலு ஆணி அடித்தேன். அடுத்த வெள்ளியே மாஸ்டரும் மீன்காரரும் வந்து பலகைக்கு முன்னால் நின்று சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். என்னை ஏசியவர்களும் வந்தார்கள். என்னோடு கதைக்காமல் பலகையை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு. செயலாளர் வரவில்லை. எங்கள் தெருவால் சைக்கிளில் போகும்போது மறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். கழகம் புதுக் குழு போட்ட பிறகு, பலகையைத் திருப்பித் தா, அந்தக் கடைசிப் பெயரைப் பற்றி மறுபடியும் யோசிக்க வேண்டும் என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள்.

இரண்டு தடவையும் வந்தவருக்குத் தேநீர் கொடுத்தேன். பலகையைக் கழற்றவில்லை.